பாதித் தட்டுக் காய்கறி

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரியில் இந்த நோட்டைக் கொடுத்த பெண் முதல் பக்கத்தில் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதிவிடுகிறேன். வெயில்முத்து, வயது ஐம்பத்து நான்கு, ஊர் விருதுநகர். வார நாட்களில் கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர். சனி, ஞாயிறுகளில் பட்டிமன்றப் பேச்சாளர். ‘வாழ்க்கை ருசிப்பது நாக்காலா, மனத்தாலா?’ என்ற தலைப்பில் பத்தொன்பது மேடை கண்டவன். எல்லா மேடையிலும் நாக்கு அணி. போகிற ஊரில் எல்லாம் விழாக் குழுவினர் அந்த ஊர்ப் பலகாரத்தை இலையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் ஊரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஊர்களின் மனம் கோணாமல் நடந்துகொண்டேன். இப்போது நடக்கக் கூடாது என்கிறார்கள்.

வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். செருப்புக் கடி என்று இரண்டு மாதம் சொல்லிப் பார்த்தேன். புண் ஒத்துக்கொள்ளவில்லை.

சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தொடாமல், வெள்ளரிக்காயாகத் தின்றுவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். எத்தனை வருடமாகச் செய்கிற வித்தை. ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். “இது மூணு மாசத்துச் சராசரி சார். மூணு நாள் பட்டினி இதுல ஒட்டாது.” பத்து புள்ளி நான்கு. ஏழுக்குள் இருக்க வேண்டியதாம்.

தீர்ப்பு இது. ஆகஸ்ட் பதினான்குக்குள் சர்க்கரை இறங்க வேண்டும், புண் மூட வேண்டும். மூடாவிட்டால் விரல். விட்டால் விரலோடு நிற்காது. அதுவரை வலது கால் தரையில் படக் கூடாது. கழிப்பறைக்கு மட்டும் வாக்கர், அதுவும் ஒற்றைக் காலில் நொண்டி.

முன் அறையில் கட்டில். என் மனைவி ராஜகனி, தேசிய உணவு வழிகாட்டி என்ற புத்தகத்திலிருந்து தட்டுப் படத்தைக் கிழித்து, கட்டிலுக்கு நேர் எதிரே முருகன் காலண்டர் இருந்த ஆணியில் மாட்டிவிட்டாள். பாதித் தட்டு காய்கறியும் பழமும். மீதிப் பாதியில் தானியம், பருப்பு, கொஞ்சம் பால், முட்டை. முருகன் சமையலறைக்குப் போய்விட்டார். கொடுத்து வைத்தவர்.

ஜூலை 4

காலை கேழ்வரகுக் கூழ். பதினோரு மணிக்குக் கூழைப் பற்றிய நினைவு.

ஜூலை 7, திங்கள்

நோட்டுக் கொடுத்த பெண் வந்தாள். பெயர் நிலோஃபர், உணவு ஆலோசகர், இருபத்தாறு வயது இருக்கலாம். மண்டபத்தில் கை தட்டாமல் உட்கார்ந்திருக்கும் முன்வரிசை ஆள் மாதிரி முகம்.

“சார், நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க?”

“பாதித் தட்டு அவரைக்காய், கால் தட்டு சிவப்பரிசிச் சோறு, ஒரு கிண்ணம் பாசிப்பயறு, மீதி இடத்துல என் கண்ணீரு.”

“கண்ணீர்ல உப்பு ஜாஸ்தி சார். ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குள்ள நிப்பாட்டிக்கோங்க” என்றாள், சிரிக்காமல். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சாப்பிடுவதை எல்லாம் நோட்டில் எழுதி வாராவாரம் காட்ட வேண்டுமாம். அவளுக்குக் காட்டுவதற்கு ராஜகனியின் பழைய கோல நோட்டு ஒன்றை எடுத்து ஒழுங்காகக் கட்டம் போட்டிருக்கிறேன். இந்த நோட்டு எனக்கு.

ராஜகனியைப் பாராட்டத்தான் வேண்டும். கால் கிலோ அவரைக்காய் வாங்கினால் அத்தனையும் என் தட்டில்தான் விழுகிறது. வழிகாட்டியில் கோடு போட்ட மாதிரி பாதி. என்னை முடிக்க வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய், அவள் ஒரு டீ போட்டுக் குடிப்பாள். எனக்கு டீயும் உடனே கிடையாது, சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துத்தான். சத்தை உடம்பில் சேரவிடாதாம். அவளுக்கு அந்தச் சட்டம் இல்லை போல.

ஜூலை 10, வியாழன்

தங்கப்பாண்டி வந்தான். என் மேடைத் தம்பி. மனம் அணியில் பேசிப் பேசியே நாற்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவன்.

“மதினி, அண்ணாச்சிக்கு அடுத்த கூட்டத்துக் குறிப்பு கொண்டாந்திருக்கேன்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சுருட்டிய காகிதக் கட்டை என் தலையணைக்கடியில் செருகினான். குறிப்பு கமகமத்தது. சாத்தூர் சேவு.

“ஏல, சத்தம் வருமேடா.”

“ஊற வச்சுத் தின்னுங்க அண்ணாச்சி. வாய்க்குள்ள.”

நாற்பது நிமிடம் ஆனது ஒரு பிடி சேவைச் சத்தமில்லாமல் கரைக்க. சேவின் பாதிச் சுகம் பல்லில் இருக்கிறது. அதை இழந்தவனுக்குச் சேவும் ஒன்று, கூழும் ஒன்று. கோல நோட்டில் எழுதியது: மாலை, கொய்யா பாதி.

ஜூலை 13, ஞாயிறு

ஜன்னல் வழியாக இன்று பார்த்தவை: எதிர்வீட்டு எண்ணெய் மண்டிக்காரர் மனைவிக்குத் தெரியாமல் மிக்சர் பொட்டலத்தோடு மாடிக்குப் போனார். மனைவி அவருக்குத் தெரியாமல் ஐஸ்கிரீமோடு கொல்லைக்குப் போனாள். ஒற்றுமையான குடும்பம்.

மூன்று மணிக்கு, வீடு அடங்கிய பிறகு, சமையலறையிலிருந்து ஒரு சத்தம். கடுக்… முடுக்… கடுக்.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தேகமே இல்லை. யாரோ எதையோ மெல்லுகிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் மெல்லவில்லை.

ஜூலை 15

மறுபடியும் மூன்று மணி. கடுக் முடுக். அதிரசத்துக்குச் சத்தம் வராது. சேவு என்றால் இன்னும் பொடியாக உடையும். தேன்குழலாக இருக்கலாம். தட்டையாகவும் இருக்கலாம். எனக்கு எதிரே படம் மாட்டிவிட்டு, இவள் டின் வைத்துத் தின்கிறாள்!

ஜூலை 18, வெள்ளி

நேரடியாகவே கேட்டேன்.

“மத்தியானம் என்ன திங்கிற?”

“நானா? ஒண்ணும் திங்கலயே.” முகம் சட்டென்று மாறியது. மேடையில் இருபத்திரண்டு வருடம் எதிரணி முகங்களைப் பார்த்தவன் நான். பொய்.

“சத்தம் கேட்டுச்சு.”

“எலியா இருக்கும்.”

“எலி கரெக்டா மூணு மணிக்கு வருமா? கடிகாரம் கட்டியிருக்கா?”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். கோபத்தை அடக்குகிறாளாம். நானும் அடக்கிக்கொண்டேன். ஓசூரிலிருந்து போன் பண்ணிய மகளிடம் புகார் செய்தேன். “அப்பா, அம்மாவுக்கும் வாய் இருக்குல்ல” என்று வைத்துவிட்டாள். பெற்றதும் எதிரணி.

ஜூலை 22, செவ்வாய்

நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். புண் பாதியாகிவிட்டது. ஒரு ரூபாய் இப்போது பழைய நாலணா. விரலடி சிவப்பாகச் சதை கட்டிவருகிறது. “இப்படியே போனா விரல் ஒங்களுக்குத்தான் சார்” என்றார் டாக்டர். காலை மட்டும் ஊன்றிவிடாதீர்கள் என்று மறுபடி மறுபடி சொன்னார். விரலில் உணர்வே இல்லை, ஊன்றினாலும் எனக்குத் தெரியாதாம். மெட்டி போடுகிற விரல். பொம்பளைக்காவது அதனால் ஒரு உபயோகம் உண்டு, எனக்கு எதற்கு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ராஜகனிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

ராஜகனி வாசல்வரை தள்ளிவந்த என் சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரி ஊழியர் சரிவுப் பாதையில் ஏற்றிவிட்டார். அவள் படியேறி வந்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பொம்பளைகளோடு பேச்சு. பொம்பளைகளுக்கு எங்கே போனாலும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியாக வேண்டும்.

ஜூலை 26, சனி

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

ராஜகனி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கட்டிலிலிருந்து சமையலறைக்கு இருபத்து மூன்று எட்டு. வாக்கரை எடுத்தால் டொக் டொக் என்று தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலேயே குடியிருக்கிறாள். அதனால் வாக்கரை விட்டுவிட்டு, சும்மா இரண்டு காலில், பூனை மாதிரி போய் வந்தேன். வலிக்கவே இல்லை. வலிக்காதது எப்படிக் கெடுதலாகும்?

எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தேன். துவரம்பருப்பு. உளுந்து. கருப்பட்டி (ஒரு துண்டு, சின்னது, கணக்கில் சேராது). முருகன் அடுப்புக்கு மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பலகாரம் எதுவும் கிடைக்கவில்லை. பச்சரிசி டின் மட்டும் சரியாக மூடாமல் கிடந்தது. மூடி வைத்தேன். கில்லாடிதான், வேறு எங்கேயோ வைத்திருக்கிறாள்.

ஜூலை 29

மறுபடியும் தேடல். பரணுக்குக் கீழே, மாவுப் பாத்திரத்துக்குள். இல்லை. திரும்பும்போது வாசல் கதவுச் சத்தம் கேட்டு ஓட வேண்டியதாகிவிட்டது.

ஜூலை 30

நிலோஃபர் கோல நோட்டைப் படித்துவிட்டு, “சார், இந்த வாரம் எழுதினது ரொம்ப ஒழுங்கா இருக்கு. ஒழுங்கா இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும்” என்றாள். போகும்போது ராஜகனியின் முகத்தைப் பார்த்து, “நீங்க என்னம்மா இப்படி வெளுத்திருக்கீங்க? ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திரலாமா?” என்றாள். “நான் பிறவியிலேயே செவப்பு” என்றாள் ராஜகனி. நான்கூடச் சிரித்தேன். நல்ல பதில்தானே.

ஆகஸ்ட் 1

கட்டுத் துணி ஈரமாக இருந்தது. தண்ணீர் பட்டிருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்கு ராஜகனி சமையலறையில் விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி. இப்போது கண் விழித்துவிட்டாள். வேறு எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ராஜகனிக்கு ரத்த அளவு ஐந்து புள்ளி ஒன்பதுதான் இருக்கிறதாம். பன்னிரண்டு இருக்க வேண்டியது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இவர் எப்படி நடமாடினார் என்று டாக்டருக்கே ஆச்சரியம். நடமாடினாள். எனக்குக் கூழ் கிண்டினாள். என் நாற்காலியைத் தள்ளினாள்.

நிலோஃபர் காகிதமும் பேனாவுமாக என் முன்னால் உட்கார்ந்தாள்.

“சார், அம்மா காலையில என்ன சாப்பிடுவாங்க?”

“டீ.”

“அப்புறம்?”

“அப்புறமும் டீதான்.”

“மதியம்?”

“எனக்கு அப்புறம் சாப்பிடுவா.”

“அதான் என்ன சாப்பிடுவாங்கன்னு கேக்கேன் சார்.”

அரை மணி நேரம் தந்தால் ஒரு சேவைப் பற்றிப் பேசக்கூடியவன் நான். ஒரு வார்த்தை வரவில்லை. நிலோஃபர் காத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலில் படுத்திருந்தவளிடமே கேட்டாள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: முதல் நாள் மிஞ்சிய சோறு, குழம்பில் அடியில் கிடப்பது, அதற்கு மேல் ஒரு டீ.

“காய்?”

“காய் அவுகளுக்கு எழுதியிருக்குல்ல. பாதித் தட்டு.”

“அது எல்லாருக்கும் எழுதினதும்மா. வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும்.”

“நாங்க அவுகளுக்கு மட்டும்னு நினைச்சுட்டோம்” என்றாள் ராஜகனி.

நாங்கள் என்று சொன்னாள். அவள் அப்படி நினைத்திருக்கலாம். நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

மாத உதிரப்போக்கும் ஒரு வருடமாகவே அதிகமாம். இது எனக்குப் புதுச் செய்தி. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால் சில பெண்களுக்குப் பச்சரிசியையும் மண்ணையும் சிலேட்டுக் குச்சியையும் தின்ன ஆசை வருமாம். அவளால் அடக்க முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் வெட்கம். மூன்று மணிக்கு, நான் தூங்கியிருப்பேன் என்று நினைத்து, ஒரு பிடி பச்சரிசி.

ஆஸ்பத்திரி முழுக்க என் பெயர்தான். காலைப் பற்றிக் கவலைப்படாமல் பெண்டாட்டிக்காக ஓடிய மனுஷன் என்று நர்ஸம்மா ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் அழவில்லை. என் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். விரல் நீலமாக இருந்தது. எலும்பு வரை போய்விட்டதாம். “இது நேத்து ஒரே நாள்ல ஆனது மாதிரி தெரியல சார்” என்றார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எடுத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

ஆகஸ்ட் 9, சனி

மகள் வந்துவிட்டாள். இரண்டு நோயாளிகளையும் வீட்டில் ஒரே அறையில் போட்டிருக்கிறாள், கண்காணிக்க வசதியாம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு முழம்.

தங்கப்பாண்டி வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“அண்ணாச்சி, இனிமே நான் மனசு அணியில பேச மாட்டேன். அந்த இடம் ஒங்களுக்குத்தான். கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு வெரலையே குடுத்துட்டீங்களே!”

“ஏல, சும்மா கிட.”

“எப்படிச் சும்மா கெடக்க? குரூப்ல போட்டுட்டேன். முந்நூறு பேர் பாத்துட்டாங்க. அடுத்த மாசம் அரிமா சங்கத்துல ‘சிறந்த கணவர்’னு பொன்னாடை. மதினிதான் போத்தணும்.”

பக்கத்துக் கட்டிலில் ராஜகனி கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். வாயோரம் லேசாக அசைந்தது.

பட்டிமன்றத்தில் தோற்றால் இறங்கி வந்துவிடலாம். ஜெயித்த மேடையிலிருந்து எப்படி இறங்குவது? போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று என் அலுவலகச் செயலாளர், இன்று என் மாமனார் வீட்டார், அவர்கள் இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக என்னைப் பாராட்டினார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பொய்யை இந்த நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். கோல நோட்டில் பொய் இருந்தால் அர்த்தம் உண்டு, அது இன்னொருத்தருக்கு. இதில் யாரை ஏமாற்ற?

மூன்றாம் தேதி நான் சத்தம் கேட்டு ஓடவில்லை. அவள் விழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அங்கே இருந்தேன். வாக்கர் இல்லாமல், இரண்டு காலையும் ஊன்றி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு. ஒன்றாம் தேதியும் நின்றேன், இரண்டாம் தேதியும் நின்றேன். மூன்றாம் நாள் அவள் டின்னைத் திறந்தாள், கையை விட்டாள், வாயில் போட்டாள். கடுக் என்றது. நான் முன்னால் பாய்ந்து, “புடிச்சேன்!” என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் விழுந்தாள். அவள் கை விரிந்து, தரையெல்லாம் வெள்ளையாக அரிசி. தேன்குழல் எங்கே என்று ஒரு நொடி தேடினேன். அந்த ஒரு நொடியைத்தான் எழுத முடியாமல் இருந்தேன்.

அவளுக்காகக் கொடுத்த விரல் இல்லை அது. முறுக்குக்காகப் போனது. அந்த முறுக்கும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

இரண்டு தட்டையும் மகளே பரிமாறி, கூடத்து மேசையில் எதிரும் புதிருமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். நிலோஃபரின் புது உத்தரவு: இருவரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், இரண்டு தட்டிலும் ஒரே அளவு. முருங்கைக்கீரை, பாசிப்பயறு, சோறு, ஒரு நெல்லிக்காய். என் கால் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில்.

சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். மேடையில் கனைத்தால் கூட்டம் அடங்கும். இவள் கீரையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“ராஜகனி, அன்னிக்கு நான் ஓடி வரல.”

“ம்.”

“முன்னாடியே அங்கதான் நின்னேன். கதவுக்குப் பின்னால.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“விழும்போது கடைசியா ஒங்க மூஞ்சியைத்தானே பாத்தேன். கையை நீட்டிக்கிட்டு, புடிச்சேன் புடிச்சேன்னு நின்னீக.” ஒரு வாய் சாப்பிட்டாள். “புடிக்கல.”

என் தட்டில் நெல்லிக்காயை ஒரு சுற்று உருட்டினேன்.

“ஏன் யாருகிட்டயும் சொல்லல? எல்லாரும் என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. பொன்னாடை வேற.”

“நான் அரிசி தின்னேன்னு சொல்லணும். நீங்க முறுக்குத் தேடுனீகன்னு சொல்லணும். எதுக்கு? ரெண்டு பேருக்கும் அசிங்கம்.” கொஞ்சம் யோசித்தாள். “பொன்னாடைய நான் போத்த மாட்டேன். அத மட்டும் தங்கப்பாண்டிட்ட சொல்லிருங்க.”

“சொல்லிடுறேன். நடந்ததையும் சொல்லிடுறேன்.”

“அது ஒங்க பாடு.”

என் தட்டு ஆறு நிமிடத்தில் காலி. வழக்கப்படி, “மோர் கொண்டா” என்றேன். வாய் தானாகச் சொன்னதுதான். அவள் எழுந்திருக்கவில்லை.

“நான் சாப்பிட்டு முடிக்கலயே” என்றாள்.

வாக்கர் அவள் பக்கச் சுவரில் சாய்ந்திருந்தது. எழுந்துபோக வழியில்லை. கையைக் கழுவவும் வழியில்லை. காய்ந்துகொண்டிருந்த கையோடு உட்கார்ந்தேன்.

இருபத்தெட்டு வருடத்தில் இவள் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. மிளகாயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்குகிறாள். ‘என் வீட்டுக்காரிக்குக் காரம் என்றால் உயிர்’ என்று எத்தனை மேடையில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பயற்றைத் தனியாகச் சாப்பிட்டாள், கீரையைத் தனியாகச் சாப்பிட்டாள், கலக்கவில்லை. நெல்லிக்காயை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசிக்கு என்று நகர்த்தி வைத்தாள். நடுவில் இரண்டு முறை எழுந்திருக்கப் போய், எதற்கு என்று அவளுக்கே தெரியாமல், மறுபடி உட்கார்ந்தாள். கடிகாரம் பதினெட்டு நிமிடம் காட்டியது, இன்னும் கால் தட்டு இருந்தது.

“என்ன அப்படிப் பாக்கீக?”

“ஒண்ணுமில்ல.”

“ஒரு மாதிரியா இருக்கு. சோறு எறங்கல. அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க.”

கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியிலிருந்து தூக்கி, இன்னொரு பக்கம் வைத்து, உடம்பைத் திருப்புவது லேசான வேலையில்லை. திரும்பி உட்கார்ந்தேன்.